பேப்பருக்குத்தானே பி.எட்.?

"பி.எட். சேர்ந்துட்டு தினமும் யாராவது காலேஜுக்குப் போவாங்களா?" போன ஜூன் மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் கேட்டார். அவர் மகள் கணிதத்தில் பட்டம் முடித்திருக்கிறாள். தரகர் ஒருவர் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டாராம். வருஷத்துக்குப் பத்து நாள் முகம் காட்டினால் போதும். ரெக்கார்டு நோட்டுகளைக் காசுக்கு எழுதித் தர ஆள் இருக்கிறது. பரீட்சைக்கு மட்டும் வந்து உட்கார வேண்டும். மீதி நாளெல்லாம் பிள்ளை வீட்டிலிருந்து டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கலாம். "பேப்பருக்குத்தானம்மா பி.எட்.? பாடம் நடத்துறதெல்லாம் வேலைக்குப் போனா தன்னால வந்துரும்" என்றார். பந்தியில் நாலு பேர் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் ஆசிரியர்கள்.

அந்த இரண்டு பேரின் தலையாட்டல்தான் என்னை இதை எழுத வைத்தது. தரகர் பிழைப்புக்குப் பேசுகிறார், அப்பா செலவுக்குப் பயந்து பேசுகிறார். வகுப்பறைக்குள் நின்று பார்த்தவர்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்?

தன்னால வரும் என்பதை நான் மறுக்கவில்லை. வரும். குரல் உயரும், கை பிரம்பைத் தேடும், முன் பெஞ்சில் பதில் சொல்லும் நாலு பிள்ளைகளை மட்டும் பார்த்துப் பாடத்தை முடிக்கும் சாமர்த்தியம் வரும். தன்னால வருவது முழுக்கப் பழக்கம். அது நல்லதா கெட்டதா என்று சொல்ல வகுப்பறையில் ஆள் கிடையாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை ஒரு ஆசிரியர் தன் வகுப்பில் தனியாகத்தான் நிற்கிறார். எப்போதாவது ஆய்வுக்கு அதிகாரி வருவார். அன்றைக்குப் பிள்ளைகளும் நாமும் வேறு ஆட்களாகிவிடுவோம். நாம் நடத்துவதை இன்னொரு ஆசிரியர் நம் பக்கம் நின்று பார்ப்பது என்பது வாழ்க்கையில் ஒரே ஒரு காலத்தில்தான் நடக்கிறது. பயிற்சிக் கல்லூரியில், அதுவும் கூடப் படிக்கிறவர்கள் வழியாக. அதைத்தான் பத்து நாளாகச் சுருக்கி விற்கிறார்கள்.

நான் பி.எட். படித்தது 1998-இல், தெற்கே ஒரு சின்ன ஊரில். அப்போது அது ஓராண்டுப் படிப்பு. மற்றக் கல்லூரிகளில் அதிகம் காணாத ஒன்று பி.எட். வகுப்பில் உண்டு: வயசு கலந்திருக்கும். எனக்கு 22. என் அறையில் இருந்த புளியங்குடி அக்காவுக்கு 37; இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவருவாள். ஹாஸ்டல் சாம்பாரை அந்தப் பழம்தான் காப்பாற்றியது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அறையில் எல்லாருக்கும் சார்ட்டில் எழுதுவது என் வேலை. அக்கா பாடக்குறிப்பில் கெட்டி. நான் எழுதியதை வாங்கி, முதல் பக்கத்திலேயே கிழித்துப் போடுவாள். மைதாப் பசை காய்வதற்குள் தெர்மாகோலில் ஒட்டி முடிக்க வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணிவரை மூன்று பேர் தரையில் கிடந்திருக்கிறோம். இதைத்தான் வெளியே இருப்பவர்கள் ஆட்டம் பாட்டம் என்கிறார்கள்.

பி.எட். அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. நாங்கள் மைக்ரோ டீச்சிங் என்போம். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதை என்.சி.இ.ஆர்.டி. நம் வசதிக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்தது. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு 6 நிமிடம் நடத்த வேண்டும். எதிரே பள்ளிப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பது நம் கூட்டாளிகள். அடுத்த 6 நிமிடம் அவர்கள் குறை சொல்வார்கள். 12 நிமிடம் திருத்தி எழுதலாம். மறுபடி 6 நிமிடம் நடத்தி, மறுபடி 6 நிமிடம் குறை கேட்க வேண்டும். மொத்தம் 36 நிமிடம். ஸ்டான்ஃபோர்டில் வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். எங்களுக்குக் கேமரா ஏது? கூடப் படித்தவர்களின் கண்தான்.

எனக்கு வந்தது கிளர்வினாத் திறன், அதாவது கேள்வி கேட்டுப் பிள்ளைகளை யோசிக்க வைப்பது. பாடம் ஒளிச்சேர்க்கை. பேராசிரியர் பத்துக்கு ஏழு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அக்கா விடவில்லை. "ஏ பிள்ள, நாலு கேள்வி கேட்ட. மூணுக்கு நீதான் பதில் சொன்ன. கேட்டுட்டு ரெண்டு செகண்டுகூட நிக்க மாட்டேங்க. பிள்ளைக யோசிக்க வேண்டாமா?" கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். உற்றுநோக்கல் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் நேரே விநாடியைக் குறித்து வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. வேப்ப மரத்தடியில் அந்த 12 நிமிடமும் என்னோடு உட்கார்ந்து, கேள்வி கேட்டதும் மனசுக்குள் ஐந்து எண்ணச் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூன்று எண்ணும்போது கை தூக்காத பிள்ளை, ஐந்தில் தூக்குகிறது.

இதைப் பேராசிரியர் சொல்லியிருந்தால் மார்க் போயிற்றே என்று வருந்தியிருப்பேன். முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லியிருந்தால் அவள் யார் என்னைச் சொல்ல என்று கோபப்பட்டிருப்பேன். அக்கா சொன்னதை வாங்கிக்கொண்டதற்குக் காரணம், நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். மறுநாள் அவள் நடத்தும்போது குறை சொல்லப் போகிறவள் நான். ஒருவர் குறையை இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்வதற்கும் அதைக் காது கொடுத்துக் கேட்பதற்கும் இவ்வளவு பழக்கம் வேண்டியிருக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் சேர்ந்து சாப்பிட வேண்டும். பத்து நாளில் பெயர்கூட மனசில் நிற்காது.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் நடந்ததையும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு. அன்றைக்குப் பாடம் நன்றாகப் போனது என்றே நினைத்தேன். வழிகாட்டி ஆசிரியரும் நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்வரிசையில் உட்கார்ந்து உற்றுநோக்கல் எழுதிக்கொண்டிருந்த அக்கா, மணி அடித்ததும் என்னைத் தனியே கூட்டிப்போனாள். கடைசி பெஞ்சில் சுவரோரம் ஒரு பெண் பிள்ளை. கரும்பலகையில் நான் எழுதியதையெல்லாம் நோட்டில் எழுதியிருந்தது. ஆனால் 'ணை'யைக் கீழே இருந்து மேலே, கோலம் போடுகிற மாதிரி இழுத்ததாம். ஒரு வரியை முடித்துவிட்டு, விட்டுப்போன கொம்புகளை அப்புறமாகப் போட்டுக்கொண்டே வந்ததாம். "அது எழுதல, வரையுது. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள். மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தோம். தன் பெயரைத் தவிர ஒரு சொல்லும் வாசிக்கவில்லை. நோட்டில் எல்லாப் பக்கமும் பச்சை மையில் திருத்தியிருந்தது.

நாற்பது நிமிடம் அந்தப் பிள்ளையின் முன்னால் நின்றவள் நான். எனக்குத் தெரியவில்லை. நடத்துகிறவருக்குத் தெரியாது, பாடம் கண்ணை மறைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரிந்தது. அப்படிப் பார்ப்பதை அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். ரெக்கார்டு நோட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் அந்தக் கடைசி பெஞ்சை எங்கே வாங்குவார்கள்?

கூடப் படிக்கிறவர் வழியாகக் கற்பது நமக்கு மேற்கிலிருந்து வந்த சங்கதியும் இல்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளைதான் பாதி வாத்தியார். 1789-இல் எழும்பூர் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்து, மாணவனை மாணவனுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் மணலிலிருந்து போனதை நாமே வேண்டாம் என்கிறோம்.

எதிர்ப்பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு நடத்திக்கொண்டே பி.எட். முடிக்க நினைக்கும் பெண்கள் எத்தனையோ பேர். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி 7, உதவி பெறும் கல்லூரி 14, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் இடங்கள்தான். மற்றபடி 600-க்கும் மேற்பட்ட சுயநிதிக் கல்லூரிகளின் வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, வர வேண்டாம் என்றும் சொல்வதைச் சலுகை என்று நம்புவதுதான் கொடுமை. காசு கொடுத்தவளுக்குச் சேர வேண்டிய பொருளைக் கொடுக்காமல் அனுப்புகிறார்கள். அவளும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள்.

டெட்டைக் காட்டி வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2012 ஜூலையில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எழுதி 2,500 பேர்கூடத் தேறவில்லை. பயிற்சி எதற்கு உதவியது என்று கேட்கிறார்கள். அன்றைக்கு 150 கேள்விக்குக் கொடுத்த நேரம் 90 நிமிடம். அக்டோபரில் 3 மணி நேரமாக்கி மறுதேர்வு வைத்ததும் தேர்ச்சி பல மடங்கு ஏறியது. அந்தத் தேர்வு எதை அளந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கும் திறமையால் சுவரோரப் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது.

விதி இல்லாமலும் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த நெறிமுறையில்தான் பி.எட். இரண்டாண்டாயிற்று. வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம், பள்ளியில் மட்டும் 20 வாரம் என்று எழுதியிருக்கிறது. பத்து நாள் வந்தவருக்கு 90 சதவீதம் போட்ட பதிவேட்டில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். அவரும் ஒரு ஆசிரியர். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

அண்ணனுக்குப் போன வாரம் போன் செய்தேன். பணம் கட்டியாகிவிட்டது, திரும்பக் கேட்டால் தர மாட்டார்கள் என்றார். பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தரகர் சொன்னபடி கேட்காமல் தினமும் கல்லூரிக்குப் போ, கட்டிய பணத்துக்கு அங்கே உனக்கு உரிமை இருக்கிறது என்றேன்.

"நான் போயிருவேன் அத்தை. அங்க வேற யாரும் வரலைன்னா?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.