நெசவாளன் யந்திரத்திடமா தோற்றான்?

நமது சரித்திரப் புத்தகங்கள் நெடுங்காலமாக ஒரு கதையைச் சொல்லி வந்தன. ஆர்க்ரைட் 1769இலும் குரொம்ப்டன் 1779இலும் நூற்கும் யந்திரங்களைப் படைத்தனர். அவற்றின் முன் நிற்கமாட்டாது கீழைத்தேயக் கைத்தறி சரிந்தது. ஆகவே, நெசவாளனின் பின்தங்கிய அறிவே அவனது வீழ்ச்சிக்குக் காரணமாம்!

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். இந்தியாவின் அச்சிட்ட சீத்தைத் துணி தன் சந்தையில் விற்பனையாவதை இங்கிலாந்து 1700ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றித் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டமோ அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. யந்திரம் பிறக்குமுன்னரே சட்டம் பிறந்துவிட்டது. தரத்திலும் விலையிலும் வெல்லமுடியாத துணிக்கல்லவா தடை வேண்டும்?

சோழமண்டலக் கரையில் நிகழ்ந்தது இதனினுங் கொடிது. பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்திய நெசவாளன், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம். கூலி போதாவிடின் ஊரைவிட்டே பெயரலாம். அரசர்கள் அவனை அழைத்துக் குடியேற்ற முயன்றனரேயன்றி, மறித்து வணிகனிடம் ஒப்படைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியாளனானதும் அவ்வுரிமை பறிபோயிற்று. தராசு பிடித்த கையே தண்டனைக் கோலையும் பிடித்தது.

ஆலை நூல் பின்னர் வந்து, கையால் நூற்ற பெண்களின் பிழைப்பைக் கெடுத்தது மெய்யே. ஆயினும் தறி மாளவில்லை. அந்த ஆலை நூலையே ஏற்று இன்றும் இயங்குகின்றது. யந்திரம் வென்றது, கை தோற்றது என்னும் எளிய சூத்திரம் இங்கே பொய்த்துப்போகின்றது.

இனி, பழம்பெருமை பேசும் நம்மவரிடமும் ஒரு கேள்வி. அக்காலத் துணியின் செந்நிறத்தைப் போற்றும் நீங்கள், அந்நிறத்தைத் தந்த சாயவேரை நினைத்ததுண்டா? ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதனை மண்ணிலிருந்து தோண்டியவர்கள், சாதியால் அத்தொழிலிற் கட்டுண்ட ஏழை மக்கள். அவர்களை மறந்து எழுதப்படும் புடைவைச் சரித்திரம், எசமானரின் புகழ்மாலையேயன்றி வேறன்று.

இவை பழங்கதைகள் அல்ல. இன்று நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிலே தையல் யந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் உழைப்பையும் 'மலிவானது' என்கின்றனர். உழைப்பு இயல்பாக மலிவதில்லை. 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை பறிக்கப்படும்போதே அது மலிகின்றது. அவ்வுரிமை பறிபோன வரலாற்றை எழுதுவதே புதிய ஆய்வாளரின் கடன்; அதனை மீட்பது உழைப்பவரின் கடன்.