பழைய கிளாரினெற்றும் புதியதும்

பழையதே உறுதி என்பார் கூற்றுக்கு, மாணவர்க்குரிய கிளாரினெற் வாத்தியத்தைப் பொறுத்தவரை யாம் முற்றும் உடன்படோம். ஆபிரிக்கக் கருமரத்தாற் கடைந்த பழைய குழல்கள் இனிய நாதமுடையனவே. எனினும், ஈரமும் வெப்பமும் மாறிமாறித் தாக்கின் அவை வெடித்துப் பிளவுறும். இன்றைய ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக் குழல்களுக்கு அவ்வச்சம் இல்லை. ஆயின், மலிவான புதியவற்றுட் பலவற்றின் சாவிகள் உறுதியற்ற உலோகத்தாலானவை, எளிதில் வளைவன. சாவி வளைந்தால் மெத்தை துளையைச் செவ்வனே மூடாது, காற்றுக் கசியும், சுரம் கீச்சிடும். பழுது குழலில் இருப்பதை அறியாத சிறுவனோ தன் மூச்சையே நொந்து, இசையைக் கைவிடுகின்றான். இவ்விழப்புக்கு ஈடில்லை. ஆதலின், கல்லூரி வாத்தியக் குழுவுக்கு நன்கொடையளிக்கும் பழைய மாணவர்காள்! குழலின் வயதையும் விலையையும் மட்டும் நோக்காது, சாவியின் உறுதியையும், பழுதுற்றால் உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதையும் நோக்குவீராக.