புதியவருக்கு எந்த அயர்ன்?

கோல்ஃப் பழக வருகிறவர்களுக்கு முதல் அயர்ன் செட் பெரும்பாலும் அன்பளிப்பாகத்தான் கிடைக்கிறது. பெரியப்பாவின் பழைய பை வரும். இல்லையென்றால் கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர் புதிது வாங்கிக்கொண்டு பழையதைத் தருவார். கொடுக்கிறவர்களின் மனசு பெரியது, சந்தேகமில்லை. ஆனால் பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்த கைக்காக வாங்கிய மட்டை, போன மாதம் ஆடத் தொடங்கிய கைக்குப் பொருந்தாது. பயிற்சித் திடலில் மணிக்கட்டு வலிக்க அடித்துவிட்டு, ‘இந்த ஆட்டம் நமக்கு வராது’ என்று ஒதுங்கிப்போன இளைஞர்களையும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு ஆட்டம் வராமல் இல்லை. கையில் இருந்த மட்டைதான் ஒத்துழைக்கவில்லை.

அயர்ன் தலையில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. பின்புறம் தட்டையாக, மெலிந்து, பார்க்க அழகாக இருப்பது பிளேடு. பின்புறத்தைக் குடைந்து, அந்த எடையை விளிம்புகளுக்குக் கொண்டுபோயிருப்பது கேவிட்டி பேக். முகத்தின் நடுவில் பந்து பட்டால் இரண்டுமே நன்றாக அனுப்பும். நடுவைத் தவறும்போதுதான் வித்தியாசம் தெரியும். நுனிப் பக்கம் பந்து பட்டால் மட்டையின் தலை முறுக்கிக்கொள்கிறது. பந்தின் வேகம் குறைகிறது, திசை விலகுகிறது. எடை விளிம்புகளில் இருந்தால் அந்த முறுக்கல் குறைவு. புதியவரின் அடி எப்போதாவதுதான் நடுவில் படும் என்பதால், அவருக்கு உரியது கேவிட்டி பேக்தான்.

விளிம்பில் எடை வைக்கும் இந்தக் கணக்கை உலகம் ஏற்கும்படி செய்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-ல் நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். நாற்பது வயதைக் கடந்த பிறகே கோல்ஃப் ஆட வந்தார். குழியை நோக்கிப் பந்தை உருட்டும் பட்டர் அவருக்குக் கைவரவில்லை. 1959-ல் எடையை இரு ஓரங்களுக்கும் பிரித்து ஒரு பட்டரைத் தானே செய்தார். பந்தைத் தட்டும்போது அதில் எழுந்த ஓசையே ‘பிங்’ என்று பெயராயிற்று. அதே கணக்கை அயர்ன்களுக்கும் கொண்டுபோனார். 1982-ல் வந்த பிங் ஐ 2 அயர்ன்கள் பெரும் வெற்றி கண்டன. தாமதமாக ஆட வந்த ஒருவர், தன் சிரமத்தைத் தீர்த்துக்கொள்ளத் தேடிக் கண்ட வழி இது. அதைப் புதியவர் கையில் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. இன்று தொழில்முறை வீரர்களிலேயே பலர் எண் குறைந்த நீள அயர்ன்களில் கேவிட்டி பேக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்.

தலையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், கடையில் முதலில் விசாரிக்க வேண்டியது ஷாஃப்டை, அதாவது மட்டையின் தண்டைத்தான். மட்டையின் எடையும் வளைவும் அதில் இருக்கின்றன. போட்டி வீரர்கள் விரும்பும் கனமான எஃகு ஷாஃப்ட் ஒன்று 130 கிராம் வரை வரும். கிராஃபைட் ஷாஃப்ட் 50 முதல் 80 கிராம். இரண்டுக்கும் நடுவே, நூறு கிராமை ஒட்டிய இலகு எஃகும் உண்டு. கனமான, விறைப்பான ஷாஃப்டை மெதுவாக வீசினால் பந்து போதிய உயரம் எழும்பாது, வலக்கைக்காரருக்கு வலப்பக்கமாகவே ஓடும். நெகிழ்வானதிலிருந்து விறைப்பானது வரை எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகள் போட்டிருப்பார்கள். அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஆர், இன்னொரு நிறுவனத்தின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். பெண் என்றால் எல், ஆண் என்றால் ஆர் என்று கடைக்காரர் எடுத்து நீட்டினால் ஏற்காதீர்கள். வீசும் வேகம்தான் கணக்கு. வேகமாக வீசும் பெண்ணுக்கு ஆர் பொருந்தும். அறுபதைத் தாண்டி வேகம் குறைந்த ஆணுக்கு ஏ பொருந்தும்.

அடுத்தது லை கோணம். மட்டையைத் தரையில் வைத்தால் ஷாஃப்ட் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதுதான் அது. அடிக்கும் நேரத்தில் நுனி தூக்கியிருந்தால் வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். குதிப்பக்கம் தூக்கியிருந்தால் வலப்பக்கம் போகும். ஆடுபவர் தன் வீச்சில் குறை என்று நினைத்து, சரியாக இருந்த வீச்சைக் கெடுத்துக்கொள்வார். உயரத்தை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். நெடிய ஆளுக்குக் கையும் நீளமாக இருந்தால் சாதாரண அளவே போதும். பந்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அது நெட்டுக்குத்தாக மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடித்தால், கோடு முகத்தில் பதியும். நேராகப் பதிந்தால் கோணம் சரி. சாய்ந்திருந்தால் வளைத்துத் திருத்த வேண்டும். கடினமான வார்ப்பு எஃகையும் ஓரிரு டிகிரி திருத்த முடியும்.

மட்டையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு காலத்தில் 7 அயர்னின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 35, 36 டிகிரி இருந்தது. புதியவர்களுக்கென்று இன்று வரும் பல செட்களில் அது 30-க்கும் கீழே இறங்கிவிட்டது. ‘எங்கள் 7 அயர்ன் தூரம் போகும்’ என்ற விளம்பரத்தில் பாதி வேலை இந்தக் கோணம் செய்வது. இதற்கு ஒரு விலை உண்டு. பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரிக்கு வந்துவிட்டால், அதற்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே எண்ணைக் கேட்காதீர்கள், டிகிரியைக் கேளுங்கள்.

எத்தனை மட்டை வேண்டும்? விதி 14 வரைதான் அனுமதிக்கிறது. குறைந்தபட்சம் இத்தனை என்று எங்கும் சொல்லவில்லை. 1972 யு.எஸ். ஓபனில் ஜாக் நிக்லஸ் பெபிள் பீச் 17-ஆம் குழியில் 1 அயர்னால் அடித்த பந்து கொடிக்கம்பத்தில் பட்டு நின்றது. அந்த அடியை வணங்குவோம். நீள அயர்ன்களை அவருக்கே விட்டுவிடுவோம். புதியவருக்கு 6 அல்லது 7 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை, ஒரு சாண்ட் வெட்ஜ், நீள அயர்னுக்குப் பதிலாக ஒரு ஹைபிரிட் போதும். அயர்ன்களின் அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும்; பந்துக்கு முன்னால் தரையில் பட்டாலும் அது புதைந்து நின்றுவிடாது.

பழைய செட் வாங்குவது புத்திசாலித்தனம். முகத்தின் கோடுகள் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்டில் துரு இருக்கிறதா, தலை ஆடுகிறதா என்று பாருங்கள். கிரிப் இறுகி வழுக்கினால் மாற்றிக்கொள்ளலாம். அது பெரிய செலவில்லை. எதை வாங்குவதானாலும் அதே ஷாஃப்டுடன் ஒரு 7 அயர்னைக் கேட்டு வாங்கி அடித்துப் பாருங்கள். மிக நன்றாகப் போன ஒரு பந்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். தவறிய பந்துகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுந்தால் அதுவே உங்கள் மட்டை.

மூத்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பிளேடு செட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிட, அதை விற்று வரும் பணத்தில் அவர்களுக்குப் பொருந்தும் அயர்ன்கள் நான்கு வாங்கிக் கொடுங்கள். மீதி இருந்தால் நல்ல பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.