இன்னும் இங்கதானா டீச்சர்?

தொழில் வாழ்க்கையின் நடுவழி எது என்பதை எங்கள் நாட்டில் வரவு செலவுத் திட்டந்தான் தீர்மானிக்கிறது. 2021 நவம்பரில் அரச ஊழியர் ஓய்வுபெறும் வயதை 65 ஆக்கினார்கள். மறுவருடம் ஓகஸ்டில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அது 60க்கு இறங்கிவிட்டது. முதல் கணக்கைப் பார்த்தால் நான் இன்னும் பாதி தூரம் வரவில்லை. இரண்டாவதைப் பார்த்தால் பாதியைத் தாண்டிவிட்டேன்.

எனக்கு வயது 43. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, 23 வயதில் பசறைக்கு மேலே நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குக் கணிதம் படிப்பிக்க வந்தேன். இன்றும் அதே பாடசாலைதான். முன்பு என்னிடம் படித்தவர்கள் கொழும்பிலிருந்து தைப்பொங்கலுக்கு வரும்போது, "இன்னும் இங்கதானா டீச்சர்?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் ஒரே இடத்தில் இருப்பவள் வளரவில்லை என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் சேவையும் அப்படித்தான் நினைக்கிறது. வளர விரும்பும் ஆசிரியருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேலே: அதிபர் சேவைப் பரீட்சை, கல்வி நிர்வாக சேவைப் பரீட்சை. கெட்டிக்கார ஆசிரியர் வகுப்பறையை விட்டுப் போனால்தான் அவர் கெட்டிக்காரர் என்று சேவை ஒப்புக்கொள்ளும். மற்றது வெளியே: பதுளை நகரத்துக்கு இடமாற்றம். 2022 ஜூனுக்குப் பிறகு அதற்கும் அப்பால் ஒரு வாசல் திறந்தது. டொலர் தட்டுப்பாட்டில் தவித்த அரசாங்கம், சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று சுற்றறிக்கை விட்டது. எங்கள் பாடசாலையிலிருந்தும் போனார்கள், நல்ல ஆசிரியர்கள். நிற்கிற இடத்திலேயே வேர்விடுவது என்ற மூன்றாவது வழிக்கு இதுவரை விண்ணப்பப் படிவம் அச்சாகவில்லை.

சம்பளம் போதாதது உண்மை. 2021 ஜூலையில் தொடங்கி ஒக்டோபர் வரை இழுத்த சம்பள முரண்பாட்டுப் போராட்டத்தில் நானும் இருந்தேன். இனியும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்குத்தான் சம்பளம் பதில். போகாமல் இருப்பவர்கள் ஏன் மங்கிப்போகிறார்கள் என்பதற்கு வேறு பதில் தேட வேண்டியிருக்கிறது. வருடாந்தச் சம்பள ஏற்றம் நன்றாகப் படிப்பித்தாலும் வரும், படிப்பிக்காவிட்டாலும் வரும். எங்கள் பிள்ளைகளின் தாய்மாருக்கு அதுகூட இல்லை. இருபது வருடம் கொழுந்தெடுத்துக் கை பழகியவளுக்கும் போன மாதம் பேர் பதிந்தவளுக்கும் ஒரே நாட்சம்பளம்.

சோர்வுக்கு மருந்தாக எங்களுக்குத் தருவது ஊக்குவிப்புக் கருத்தரங்கு. ஒருமுறை தூரத்திலிருந்து வந்த வளவாளர் ஒருவர், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதைப்போல உங்களையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்றார். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் லயத்தில் பிறந்தவர்கள். கவ்வாத்துப் பற்றி அவருக்கே வகுப்பெடுத்திருப்பார்கள். வெட்டுவதற்கு முன்பே செடியை ஓய்வாக விடுவார்கள், வேரில் மாச்சத்துச் சேர வேண்டும் என்பதற்காக. வெட்டிய பிறகு அந்த மலையில் சில மாதம் கொழுந்து எடுக்க மாட்டார்கள். அந்த நட்டத்தைத் தோட்டம் தாங்கிக்கொள்ளும். எங்களுக்கு அறிவுரையாக வந்தது கத்தி மட்டுந்தான். லுணுகலைப் பாதையில், 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்த அதே பதின்மூன்றாம் கட்டையைத் தாண்டித் தினமும் போய்வரும் ஆசிரியையிடம் உற்சாகமாக இருங்கள் என்று சொல்வதற்கு ஒரு நாள் முழுக்க மண்டபம் பிடிக்கத் தேவையில்லை.

எனக்கு உண்மையில் உதவியது க.பொ.த. சாதாரண தர விடைத்தாள் திருத்தும் வேலை. கொடுப்பனவுக்காகத்தான் விண்ணப்பித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் முதல் நாள் புள்ளித்திட்டத்தை வைத்துக்கொண்டு பிரதம பரீட்சகரும் மற்றவர்களும் ஒவ்வொரு படிக்கும் புள்ளி கொடுப்பதா இல்லையா என்று வாதாடியதைக் கேட்டபோது, இத்தனை வருடமும் கணிதம் பற்றி யாரோடும் பேசாமலே கணிதம் படிப்பித்திருக்கிறேன் என்பது உறைத்தது. சிறிய தோட்டப் பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருந்தாலே பெரிய விஷயம். யாரோடு பேசுவது? அங்கேதான் எங்கள் பிள்ளைகளின் விடைத்தாளைப் போன்றவற்றையும் கண்டேன்: விடை சரி, வழி இல்லை. மனத்தில் கணக்குப்போடத் தெரிந்த பிள்ளை படிகளை எழுதாமல் புள்ளியை இழக்கிறது.

தேநீர் நேரத்தில் மூதூர்ப் பக்கத்து சேர் ஒருவர், மீன் ஏலக் கணக்கை வைத்து விகிதம் படிப்பிப்பதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எங்களிடம் கடல் இல்லை. ஆனால் சம்பளத் துண்டு இருக்கிறதே. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகு, பத்தாம் தரப் பிள்ளைகளிடம் அதை வைத்தே சதவீதம் தொடங்கினேன். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள், ஒரு நாளுக்கு 108 ரூபாய். நிர்வாகம் போட வேண்டியது 12 சதவீதம், 162 ரூபாய். இருபது நாள் வேலை என்றால் மாதம் எவ்வளவு சேரும்? முதற்தடவையாக ஒருவரும் படிகளை விட்டுவிட்டு விடைக்குத் தாவவில்லை. ஏனென்றால் வீட்டில் போய் விளக்கிச் சொல்ல வேண்டுமே. அடுத்த கிழமை ஒரு மாணவியின் தாய், கொழுந்து மலையிலிருந்து நேரே பாடசாலைக்கு வந்து, "மக சொன்ன கணக்க எனக்கும் ஒருக்கா சொல்லுங்க டீச்சர்" என்றார். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அன்று பாடம் முடிந்த பிறகு இன்னொரு பாடம் நடந்தது.

இந்த மாதிரியான ஒரு நாளுக்குப் பிறகு எந்த ஊக்குவிப்பும் தேவைப்படுவதில்லை. நடுவயதில் மனம் சலிப்பது வேலை பழகிப்போனதால் என்கிறார்கள். என் அனுபவத்தில், பழகிய வேலைக்குள் இன்னும் கற்க வேண்டியது கிடக்கிறது என்பதைக் காட்ட ஆளில்லாததால்தான் சலிக்கிறது. காட்டக்கூடியவர் அநேகமாக அடுத்த மலையில், அதே பாடத்தை, அதே தனிமையில் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பசறை வலயத்தில் தொடங்கலாம் என்று நான் நினைப்பது இதுதான். விடைத்தாள் திருத்திவிட்டு வருகிறவர்கள், புள்ளித்திட்டம் வெளியான பிறகு, தங்கள் பாடத்து மற்ற ஆசிரியர்களோடு ஒரு நாள் இருந்து கண்டதைச் சொல்லட்டும். பத்து வருடத்துக்கு மேல் சேவை செய்த ஒவ்வொருவருக்கும் தவணைக்கு ஒரு நாள் இன்னொரு பாடசாலை வகுப்பில் போய் உட்காரக் கடமை விடுமுறை கொடுங்கள். மடுல்சீமையில் இருப்பவர் பசறைக்கு வரட்டும், பசறையில் இருப்பவர் ஹொப்டனுக்குப் போகட்டும். தமிழ், சிங்களம் என்றும் பார்க்க வேண்டியதில்லை; கணிதத்தில் படிகள் ஒன்றுதான். பதவியுயர்வுக்கு மொடியூல் சான்றிதழைக் கணக்கில் எடுப்பதுபோல இதையும் எடுங்கள். அன்றைக்கு வகுப்பு சும்மா கிடக்குமே என்று அதிபர்மார் கவலைப்படுவார்கள், அது நியாயமான கவலை. ஊக்குவிப்புக் கருத்தரங்குக்கு எங்களை மொத்தமாகக் கூப்பிடும் நாளிலும் வகுப்பு சும்மாதான் கிடக்கிறது. அந்த நாளையே இதற்குத் தரலாம். செலவு பஸ் காசும் மத்தியானச் சோறும். சோற்றை நாங்களே கட்டிக்கொண்டு வருவோம்.