உஸ்பெகிஸ்தான்: திறந்த சந்தையும் திறவாத சபையும்

புகாரா, சமர்கந்து என்ற பெயர்களைக் கேள்விப்படாத வாசகர் நம்மத்தியில் இருக்க முடியாது. ஆனால் அந்நகரங்களைக் கொண்ட உஸ்பெகிஸ்தானின் வர்த்தகம் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. கடலை அடைய எத்திசையில் சென்றாலும் குறைந்தது இரண்டு நாடுகளைக் கடக்க வேண்டிய தேசம் அது. உலகில் இந்நிலையிலுள்ள மற்றைய நாடு லீக்டென்ஸ்டைன் மாத்திரமே.

1991இல் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்த அந்நாட்டை, 2016இல் மரணிக்கும் வரை இஸ்லாம் கரீமொவ் இரும்புப் பிடியில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னர் ஜனாதிபதியான ஷவ்கத் மிர்ஸியோயெவ், முதலில் கைவைத்தது நாணயத்தில்தான். 2017 செப்டெம்பர் 5ஆம் திகதி டொலரின் உத்தியோகபூர்வ விலை ஏறத்தாழ 4,200 சோமிலிருந்து 8,100 சோமாக மாற்றப்பட்டது. அதுவரை செல்வாக்குள்ளவருக்கு வங்கியில் மலிவு டொலர், சாதாரண வியாபாரிக்குக் கறுப்புச் சந்தை என்பதே நிலைமை. 2022இல் டொலர் தேடி அலைந்த நமது இறக்குமதியாளர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது பருத்தி. ஆசிரியர்களும் வைத்தியர்களும் மாணவர்களும் ஆண்டுதோறும் அறுவடைக் காலத்தில் வயல்களுக்குப் பலவந்தமாக அனுப்பப்பட்டு வந்தனர். சோவியத் காலத்துப் பழக்கம் சுதந்திரத்தின் பின்னரும் தொடர்ந்தது. இதனால் 300க்கும் அதிகமான சர்வதேச ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் பயன்படுத்துவதில்லை என உறுதியளித்தன. அரசாங்கம் 2020இல் பருத்திக்கான கட்டாய ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. 2021 அறுவடையில் திட்டமிட்ட கட்டாய உழைப்பு ஒழிந்துவிட்டதாக சர்வதேச தொழில் ஸ்தாபனம் அறிவித்தது. 2022 மார்ச்சில் பகிஷ்கரிப்பும் முடிவுக்கு வந்தது.

இது நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. 2021 ஏப்ரலில் உஸ்பெகிஸ்தானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை கிடைத்தது. 2010இல் அதே சலுகையை இழந்து, 2017இலேயே நாம் திரும்பப் பெற்றோம். பஞ்சாக ஏற்றுமதி செய்துவந்த நாடு இன்று அதனை நூலாகவும் துணியாகவும் ஆடையாகவும் விற்க முனைகிறது. சொந்தப் பருத்தி கொண்ட ஒரு போட்டியாளர், நூலையும் துணியையும் இறக்குமதி செய்யும் நமது ஆடைத் தொழிற்சாலைகளுக்கு எதிரே வந்து நிற்கிறார் என்பதே இதன் பொருள்.

வெளிநாட்டுக் கூட்டாளிகளைத் தெரிவதிலும் தாஷ்கந்த் ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைக்கவில்லை. 2023 ஒக்டோபர் முதல் ரஷ்யாவிடமிருந்து எரிவாயு வாங்குகிறது. சீனா, கிர்கிஸ்தான் வழியான ரயில் பாதைக்கான பணிகள் 2024 டிசம்பரில் ஆரம்பமாகின. அபுதாபியின் மஸ்தார் நிறுவனம் நவோயில் 100 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2021இல் திறந்தது. சவூதியின் அக்வா பவரும் அங்கு முதலிட்டுள்ளது.

இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆயினும் சந்தை திறந்த அளவுக்கு அரசியல் திறக்கவில்லை என்பதே எனது கருத்து. 2022 ஜூலையில் கரகல்பக்ஸ்தானின் சுயாட்சி அந்தஸ்தை நீக்கும் யோசனைக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியபோது குறைந்தது 21 பேர் உயிரிழந்தனர். அந்த யோசனை கைவிடப்பட்டது. எனினும் 2023 ஏப்ரலில் சர்வஜன வாக்கெடுப்பு மூலம் ஜனாதிபதியின் பதவிக் காலம் ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகளாக நீண்டது. அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் அவர் 87 சதவீத வாக்குகளுடன் மீண்டும் வென்றார். 2024 பாராளுமன்றத் தேர்தலில் போட்டியிட்ட ஐந்து கட்சிகளுமே அவரை ஆதரிப்பவை.

வியாபாரிக்கு அரசியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒருவரின் விருப்பத்தால் வந்த சீர்திருத்தம், இன்னொருவரின் விருப்பத்தால் போகவும் கூடும். ஒப்பந்தம் மீறப்பட்டால் நீதி வழங்கும் சுதந்திரமான நீதிமன்றமும், தவறைச் சுட்டிக்காட்டும் பத்திரிகையும், கேள்வி கேட்கும் எதிர்க்கட்சியும் இல்லாத இடத்தில் முதலீட்டுக்கு உண்மையான காப்புறுதி கிடையாது. பருத்தி வயலில் மாற்றம் வந்ததும்கூட அரசாங்கத்தின் நல்லெண்ணத்தால் மாத்திரமல்ல. கைது, மிரட்டல் எதற்கும் அஞ்சாமல் வயல்களில் நடந்ததைப் பதிவு செய்த உள்நாட்டுச் செயற்பாட்டாளர்களாலும், வாங்க மறுத்த கொள்வனவாளர்களாலுமே ஆகும்.

எனவே உஸ்பெகிஸ்தானுடன் வியாபாரம் செய்ய விரும்பும் நமது வர்த்தகர்கள் தயங்கத் தேவையில்லை; ஆனால் நாணயமாற்று விகிதத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடவும் கூடாது. அங்கே கேள்வி கேட்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்நாட்டின் சீர்திருத்தம் நிலைக்குமா என்பதை அதுவே நமக்குச் சொல்லும்.