கொரியா பங்கிட்டது, நாம் சட்டம் போட்டோம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளிடம், ஏழை நாடுகள் ஏன் முன்னேறவில்லை என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். மக்கள்தொகைப் பெருக்கம், மூலதனப் பற்றாக்குறை, கல்வியின்மை, வறுமையின் நச்சுச் சுழல். வருமானம் இல்லாததால் சேமிப்பு இல்லை, சேமிப்பு இல்லாததால் முதலீடு இல்லை, முதலீடு இல்லாததால் வருமானம் இல்லை. மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் காலனியில் வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். வயல் விளைந்துகொண்டுதானே இருந்தது? அந்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போனது?

தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது அது நம்மைப் போலவே ஏழை நாடு. உழுதவர்களில் பெரும்பாலோர் வாரக் குடிகள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போய்விடும். 1949இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 1950இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கர்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் இருந்ததையும், தாமே பயிரிடாதவர்களின் நிலத்தையும் அரசு வாங்கி உழுதவரிடம் கொடுத்தது. ஓர் ஆண்டு விளைச்சலைப் போல ஒன்றரை மடங்கை ஐந்து ஆண்டுகளில் கட்டினால் நிலம் சொந்தம். நிலக்காரருக்குக் கிடைத்தது அரசுப் பத்திரம். போர்க்கால விலைவாசி அதன் மதிப்பைத் தின்றுவிட்டது. சில ஆண்டுகளில் வாரச் சாகுபடி அங்கே பெரும்பாலும் ஒழிந்தது.

இதை ஆட்சியாளர்களின் நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். 1946இலேயே வட கொரியா நிலத்தை இலவசமாகப் பங்கிட்டுவிட்டது. நாமும் கொடுக்காவிட்டால் குடியானவர்கள் கம்யூனிஸ்டுகளிடம் போய்விடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் நின்ற அமெரிக்காவுக்கும் இருந்தது. பயத்தில் செய்தாலும் செய்தார்கள். தைவானும் 1949இல் வாரத்தை 37.5 சதவீதத்துக்குமேல் வாங்கக் கூடாது என்று கட்டி, 1953இல் நிலத்தையே உழுதவருக்கு மாற்றியது.

நிலத்தைப் பங்கிட்டது ஒன்றால்தான் கொரியா உயர்ந்தது என்று சொன்னால் அது பொய். அமெரிக்கப் பணம் வந்தது. ராணுவ ஆட்சியின் கெடுபிடியும், ஆலைகளில் பெண்களின் வயிற்றிலடித்த கூலியும் அந்த வளர்ச்சிக்குள் இருக்கின்றன. ஆனால் வயலில் கூடுதலாக விளைந்த ஒரு மூட்டை உழுத வீட்டிலேயே தங்கியது. அது பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவானது. அந்தப் பிள்ளைகள்தாம் பிறகு ஆலைக்குப் போனார்கள். நச்சுச் சுழல் அறுந்த இடம் அந்த ஒரு மூட்டைதான் என்பது நம் கருத்து.

அங்கே சாதி இல்லை, அதனால் முடிந்தது என்பார்கள் சிலர். கொரியாவிலும் தீண்டாமை இருந்தது. மாடறுப்பதும் தோல் வேலையும் கூடை முடைவதும் செய்த பெக்சோங் மக்கள் ஊருக்கு வெளியேதான் வாழ வேண்டும். 1894இல் சட்டப்படி அந்த இழிவு நீங்கியும் நடைமுறையில் நீங்கவில்லை. 1923இல் சின்ஜு நகரில் அவர்கள் தங்களுக்கென ஓர் இயக்கம் தொடங்கிப் போராடினார்கள். வேறுபாடு ஒன்றுதான். அங்கே ஒதுக்கப்பட்டவர்கள் சிறு தொகையினர், வயலை உழுதவர்கள் வேறு. நம் நஞ்சைப் பகுதிகளில் சேற்றில் இறங்கியவரும் தீண்டத்தகாதவர் எனப்பட்டவரும் பெரும்பாலும் ஒருவரே. இங்கே நிலத்தைக் கொடுப்பதென்றால் ஆதிக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜப்பானிலும் தைவானிலும் நிலச் சீர்திருத்தத்துக்கு ஆலோசனை சொன்னவர் வோல்ஃப் லடிஜின்ஸ்கி என்ற அமெரிக்க நிபுணர். அவரே 1960களில் நம் திட்டக் குழுவுக்காக ஐந்து மாவட்டங்களின் குத்தகை நிலைமையை ஆராய்ந்தார். அதில் ஒன்று தஞ்சாவூர். விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டி விளைச்சலைப் பெருக்க அரசு தேர்ந்தெடுத்த மாவட்டம் அது. வாய்மொழிக் குத்தகையில், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படும் நிலையில் இருப்பவன் நிலத்தில் எதை நம்பி உழைப்பைக் கொட்டுவான் என்பதுதான் அவருடைய கவலை. குத்தகைச் சீட்டுகூட இல்லாத கூலிக்காரரின் கதி அதைவிடக் கீழே. உரம் வந்தது, நெல் பெருகியது. அதே மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து கரியானார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1961இல் தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நஞ்சை, புஞ்சைக்குத் தக்கபடி தர ஏக்கர் என்பது உண்மை ஏக்கரில் விரியும். விதிவிலக்குகள் வேறு. சட்டம் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்ததால் பேரன், மருமகன், பண்ணையாள், சில இடங்களில் மாட்டுக்காரன் பெயரில்கூட நிலம் எழுதப்பட்டது. தம் பெயரில் பட்டா இருப்பதே தெரியாமல் அந்த நிலத்தில் கூலிக்குக் களை பறித்தவர்களும் உண்டு.

அதற்கும் முன்னால், 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதி அனுப்பியதன் விளைவாகப் பஞ்சமி நிலங்கள் வந்தன. பத்து ஆண்டுகளுக்கு விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை மீட்கப் போராடியபோது 1994இல் காரணையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரின் உயிர் போனது.

கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வரும் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். ஊரின் இப்போதைய ‘அ’ பதிவேட்டை மட்டும் கேட்டால் போதாது. யு.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தைய பழைய ‘அ’ பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். பழையதில் நிபந்தனை ஒப்படை, டி.சி. என்று குறிப்புள்ள புல எண்களைக் குறித்துக்கொண்டு, புதியதில் அதே எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு தாத்தா, பாட்டியிடம் அந்த நிலத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.