மார்கழிப் பனியும் நெடுந்தொலைவு ஓட்டமும்

கார்த்திகை பிறந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "இந்தப் பனியில் இவர் ஓடலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் ஓடுபவர் அல்லர், உடன் வந்திருக்கும் மனைவியோ தாயாரோ மகளோதான். ஓடுபவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, 'ஓடலாம்' என்னும் ஒரு சொல்லை எங்களிடமிருந்து வாங்கிச் செல்லக் காத்திருப்பார். நடுவயதினர் என்றால், சனவரியில் சென்னையிலோ மும்பையிலோ நடைபெறும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருப்பார். இளைஞர் என்றால், காவலர் தேர்வையோ இராணுவ ஆள்சேர்ப்பையோ மனத்தில் வைத்திருப்பார்.

எங்கள் விடை இதுதான்: நம் ஊர்ப் பனிக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சத்தக்கவை வேறு இரண்டு உள்ளன. காலம் கடந்து பயிற்சியைத் தொடங்குவது ஒன்று; விடியாத இருளில் நெடுஞ்சாலையில் ஓடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றி யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

முதலில் குளிரைப் பார்த்துவிடுவோம். ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவர, வியர்வை அதனை ஆற்ற வேண்டும். சித்திரை வெயிலில் இதயம் தசைக்கும் தோலுக்கும் ஒருசேர இரத்தம் அனுப்பித் திணறுகிறது. குளிர்ந்த காலையில் அச்சுமை பெரிதும் குறைகிறது. 2023இல் சிகாகோ நகரில் கெல்வின் கிப்டம் 42.195 கிலோமீட்டரை 2 மணி 35 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்ததும் குளிர்ந்த ஒரு காலையில்தான். மும்பை மாரத்தான் சனவரியில் நடத்தப்படுவதற்கும் இதுவே காரணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் பகுதியில், மார்கழி விடியல் பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. பனிக்கட்டி உறையும் நாடுகளுக்காக எழுதப்பட்ட குளிர்கால அறிவுரைகளைப் படித்துவிட்டு மூன்றடுக்குச் சட்டை அணிந்து ஓடுவது நமக்கு நகைப்புக்குரியது.

எனினும் வீட்டுப் பெரியோரின் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிடலாகாது. சளி பிடிப்பது கிருமியால். பனி தலையில் இறங்குவதால் அன்று. ஆனால் ஆஸ்துமா உள்ளவர் குளிர்ந்த காற்றை வாய்வழி வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழல்கள் இறுகக்கூடும். இதயத் தமனியில் அடைப்பு உள்ளவருக்குக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் கூடும். இவ்விரு வகையினரும் எங்களைக் கண்ட பின்னரே காலணி கட்ட வேண்டும்.

இனிக் காலத்துக்கு வருவோம். சனவரி முதல் வாரத்தில் அரை மாரத்தான் ஓட விரும்புபவர், நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடப் பழகியவராயின், ஆவணி முடிவதற்குள் பயிற்சியைத் தொடங்கியிருக்க வேண்டும். பதினாறு வாரம் என்பது கணக்கு. இடையில் ஐப்பசி மழை சில வாரங்களையாவது தின்றுவிடும் என்பதையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். நடைமுறையில் நடப்பது என்ன? தீபாவளிப் பலகாரம் தீர்ந்த பின்னர்தான் பலருக்கு ஓட்டம் நினைவுக்கு வருகிறது. மீதமுள்ள ஏழெட்டு வாரங்களில் பதினாறு வாரத் தூரத்தையும் அடைத்துவிட முயல்கிறார்கள்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. ஆகவே மூன்றாம் வாரத்தில் 'இன்னும் ஓடலாமே' என்னும் ஊக்கம் பிறக்கிறது. எலும்பும் தசைநாணும் அவ்வாறு அல்ல. புதிய சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும்போது, முதலில் பழைய எலும்பு அரிக்கப்படுகிறது. அதன் பின்னரே புதியது கட்டப்படுகிறது. அரிக்கப்பட்டுக் கட்டப்படாத அந்த இடைவெளியில் தூரத்தைக் கூட்டினால், முன்னங்கால் எலும்பிலும் பாத எலும்பிலும் மயிரிழை முறிவு தோன்றுகிறது. ஓடுபவர் இதை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. கால் முழுவதும் பரவிய வலி பெரும்பாலும் தசையைச் சார்ந்தது. ஒரே விரலால் 'இங்கேதான்' என்று தொட்டுக் காட்டக்கூடிய வலி எலும்பைச் சார்ந்ததாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியாமலும் போகலாம். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த வலியோடு ஓடக்கூடாது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன், இங்குள்ள பல சிற்றூர்கள் புளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வந்தன. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கலாகாது. அந்த நீரைக் குடித்து வளர்ந்து, இன்று நாற்பதைக் கடந்து, காலையில் முதுகும் கழுத்தும் விறைப்பாக இருக்கிறவர்கள் ஓட்டத்தில் இறங்குமுன் எலும்புகளைச் சோதித்துக்கொள்வது நல்லது. புளோரைடு படிந்த எலும்பு படத்தில் அடர்த்தியாகத் தோன்றினாலும் எளிதில் முறியக்கூடியது.

பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவே வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. இந்த ஆண்டு நடந்து, அடுத்த ஆண்டு ஓடுங்கள் என்கிறோம். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப் பாதைகளை வகுத்தது. முதல் ஆண்டுக்கு அதுவே போதுமான இலக்கு. ஓடத் தொடங்கிய பின்னும், பக்கத்தில் வருபவரோடு முழுச் சொற்றொடர் பேச முடிகிற வேகமே பெரும்பாலான நாள்களுக்குப் போதும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஜி. லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அத்தகைய கால்கள் ஒரு மார்கழியில் உருவாவதில்லை.

காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களின் நிலை வேறு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அறிவிப்பு எப்போது வரும் என்று அறியாததால், வந்த பின் நாள்தோறும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேகம், மற்ற நாள்களில் மெதுவான நீண்ட ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு என்பதே. ஆனால் இவர்களைப் பொறுத்தவரை எங்கள் பெருங்கவலை கால்களைப் பற்றியதன்று. அவர்கள் ஓடும் இடத்தைப் பற்றியது.

அதியமான்கோட்டையின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலை நம்மைத் தொட்டுச் செல்கிறது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. தெற்கே தொப்பூர்க் கணவாய். இரவெல்லாம் வண்டி ஓட்டிக் கண்கள் எரியும் ஓட்டுநர்கள் நம் ஊரைக் கடக்கும் நேரம் விடியற்காலை நான்கு, ஐந்து மணி. நம் இளைஞர்கள் ஓடும் நேரமும் அதுவே. மார்கழியில் சூரியன் எழ ஆறரை மணி கடந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. மூடுபனியில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் தெரியாதபோது, கறுப்புச் சட்டையும் காதில் பாட்டுமாக ஓடும் ஒரு பிள்ளையைக் கண்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்த இரண்டு நொடிதான் இருக்கிறது. தேய்பிறை அட்டமி நாள்களில் காலபைரவர் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வரும் வண்டிகளும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

சேவைச் சாலையில்தானே ஓடுகிறோம் என்பார்கள். சேவைச் சாலையில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளை இங்குள்ள எவரும் அறிவர். ஒளி பட்டால் மின்னும் பட்டை, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக ஓடுதல், காதொலிக் கருவியைக் கழற்றிவைத்தல் ஆகியவை வேறு வழியே இல்லாதவர்களுக்கு நாங்கள் கூறுபவை. ஆனால் வேறு வழி இருக்கிறது. நம் ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பள்ளி மைதானங்கள் காலை வேளையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை ஓடுவோருக்குத் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு விளக்குகள், சாவியைப் பொறுப்பேற்கும் ஒருவர், ஊராட்சியின் ஒரு தீர்மானம், இவ்வளவே தேவை. பள்ளிப் பொருள்கள் சேதமானால் யார் பொறுப்பு என்னும் தலைமையாசிரியரின் கேள்வி நியாயமானது. அந்தப் பொறுப்பை ஊராட்சி எழுத்து மூலம் ஏற்றுக்கொள்ளலாம். 200 மீட்டர் வட்டத்தை 25 முறை சுற்றினால் ஐந்து கிலோமீட்டர். சலிப்பாகத்தான் இருக்கும். எலும்பு முறிவுப் பிரிவில் ஆறு மாதம் படுத்திருப்பது அதைவிடச் சலிப்பானது.

மைதானம் திறந்தால் இன்னொரு கதவும் திறக்கும். காவலர் தேர்வு எழுதும் பெண் பிள்ளைகளை இருட்டில் சாலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை கூற முடியாது. சுற்றுச்சுவரும் விளக்கும் உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள்.

ஓட்டத்தில் மாரடைப்பு வராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 இலட்சம் பேரை ஆராய்ந்தபோது, 59 பேருக்கு மட்டுமே இதயம் திடீரென நின்றது. ஏறத்தாழ 1,84,000 பேரில் ஒருவர். ஆனால் அந்த 59 பேரில் 42 பேர் இறந்தனர். பிழைத்தவர்களுள் பலருக்குக் கைகொடுத்தது, அருகில் இருந்தவர் உடனே மார்பை அழுத்தத் தொடங்கியதே. எனவே குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள், பனியைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது. விழுந்தவர் அசைவின்றி, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், 108ஐ அழைத்துவிட்டு மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் அழுத்துவதை நிறுத்தக்கூடாது. ஓடும்போது மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று ஒருமுறை வந்தாலும் அன்றே வாருங்கள். வாயுத்தொல்லை என்று பெயர் சூட்டிப் பந்தயம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளர் வெறும் வயிற்றில் ஓடுவது நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு அது ஆபத்து. சர்க்கரை ஓடும்போது மட்டுமன்று, ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும், இரவு உறக்கத்திலும்கூடத் தாழக்கூடும். சட்டைப்பையில் வெல்லக் கட்டியோ சர்க்கரையோ இருக்கட்டும். கார்த்திகையில் மாலை அணிந்தவர்கள் வெறுங்காலுடன் நடப்பதை நாங்கள் குறை கூற மாட்டோம். ஆனால் பாதத்தில் உணர்வு மங்கியவர்கள் வெறுங்காலுடன் ஓடக்கூடாது.

குளிரில் தாகம் குறைவு என்று நீரை மறப்பவர் உண்டு. அஞ்சி அளவுக்கு மீறிக் குடிப்பவரும் உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அதிக நீர் குடித்ததோடு அது தொடர்புடையதாக இருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட ஓட்டத்துக்கு உப்பிட்ட மோர் மிக ஏற்றது. அதியமான் ஊரில் நெல்லிச்சாறு குடிக்கலாமா என்று கேட்போருக்கு இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. குடிக்கலாம், அதனால் வேகம் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதற்கு மட்டும் எங்களிடம் இசைவு கிடையாது. வியர்வையில் நீர் இழந்த உடலில் டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓடிய மறுநாள் சிறுநீர் கறுத்த காப்பி நிறத்தில் வந்தால் தாமதிக்க வேண்டா.

மழைக்காலம் முடிந்து டெங்குவும் சளிக் காய்ச்சலும் வரும் பருவமும் இதுவே. காய்ச்சலுடன் ஓடினால் இதயத் தசை அழற்சி ஏற்படும் வாய்ப்பு உண்டு. காய்ச்சல் விட்டு, உடற்சோர்வு நீங்கிய பின் நடையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

போகியன்று விடியலில் யாரும் வெளியே ஓட வேண்டா. பனிக்காலக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, எரியும் டயரின் புகையை மேலே போக விடாது. ஓடுபவர் அதனைப் பல மடங்கு கூடுதலாக உள்ளிழுப்பார். சென்னைப் பந்தயம் அதற்குள் முடிந்திருக்கும். மும்பைக்குச் செல்வோருக்கோ அது பந்தயத்துக்கு முந்தைய சில நாள்கள். எப்படியும் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய வாரம்.